எதற்காகப் போகிறாய்?

என் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். நான் சென்னையில். அவள் திருமணமாகிப் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சில் எங்கள் ஊர்ச் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

"எங்க ஊருக்கு மெட்ரோ 2011-லயே வந்துடுச்சு அக்கா. உங்களுக்கு 2015-லதானே?" என்பாள்.

"இங்க 1931-லயே பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடிச்சு. உங்க ஊர்ல புறநகர் ரயில் வேலை இன்னும் முடிஞ்சபாடில்லை" என்பேன்.

அவள் சென்னை வெயிலை இழுப்பாள். நான் சில்க் போர்டு நெரிசலை இழுப்பேன். அவள் 2015 வெள்ளத்தைச் சொன்னால் நான் நுரை பொங்கிய பெல்லந்தூர் ஏரியைச் சொல்வேன். அம்மா பக்கத்தில் இருந்தால், "ரெண்டு பேருக்கும் அந்த ஊருங்களை எழுதியா வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

சென்ற ஆண்டு அம்மா சில வாரங்கள் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். எழுபத்திரண்டு வயது. ஒருநாள் மதியம், தங்கை அலுவலகம் போயிருந்த நேரத்தில், அல்சூர் கோயிலுக்குப் போகலாம் என்று தனியாகவே நகரப் பேருந்தில் ஏறிவிட்டார். நடத்துநர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார், ஆதார் அட்டை இருக்கிறதா என்று. அம்மா எடுத்துக் காட்டியிருக்கிறார். "இது தமிழ்நாட்டு ஆதார்ம்மா, டிக்கெட் எடுக்கணும்" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார் அவர். அம்மா எடுத்துவிட்டார். அதில் மனக்குறை ஒன்றும் இல்லை. அன்றிரவு என்னிடம் கேட்டது வேறு:

"நம்ம ஊர்ல பொம்பளைன்னா போதும், ஏறி உக்காந்துக்கலாம். இங்க எந்த ஊர்ப் பொம்பளைன்னு கேக்குறாங்க. ஏன்டி அப்படி?"

அரசுகள் வேறு, நிதி வேறு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஒரு பெண் வண்டியேறும்போது அவளிடம் எதையெல்லாம் கேட்கலாம்? பணத்தை, அடையாளத்தை, காரணத்தைக் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது? இரண்டு ஊர்களில் எது பெரிய ஊர் என்ற எங்கள் பழைய சண்டையையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் தீர்க்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

*

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் சுமார் முந்நூற்றைம்பது கிலோமீட்டர். தென்னிந்தியாவில் இவ்வளவு நெருங்கியும் இவ்வளவு முறைத்துக்கொண்டும் இருக்கும் பெருநகரங்கள் குறைவு. ஒன்று துறைமுகத்தையும் கார்த் தொழிற்சாலைகளையும் காட்டும். மற்றொன்று மென்பொருள் வளாகங்களைக் காட்டும். ஒரு பன்னாட்டு நிறுவனம் முதலீடு செய்ய வருகிறது என்றால் இரு மாநில அமைச்சர்களும் சமூக ஊடகத்தில் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு ஊரில் சாலைக் குழி செய்தியானால் மறு ஊரிலிருந்து "எங்களிடம் வாருங்கள்" என்று அழைப்பு போகிறது.

இந்தப் போட்டியில் இப்போது அதிகம் எண்ணப்படுவது மெட்ரோ கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் திறந்தபோது பெங்களூரின் நீளம் சுமார் 96 கிலோமீட்டர் ஆனது. அப்போது சென்னையில் ஓடியது 54 கிலோமீட்டர். ஆனால் சென்னை மூன்று தடங்களில் மேலும் 118.9 கிலோமீட்டருக்குத் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஊர்களையும் இணைக்க 2022 நவம்பரில் வந்தே பாரத் ரயில் வந்தது. ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. விரைவுச்சாலை ஒன்றும் போடுகிறார்கள்.

நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை. குளிர்ந்த பெட்டியில் யாரும் இடிக்காமல் நின்றுகொண்டு போவது பெண்ணுக்குச் சிறு விடுதலைதான். சென்னை மெட்ரோ தொடங்கியபோது இரட்டைக் கட்டணம் செலுத்துவோருக்குத் தனிப் பகுதி ஒன்று இருந்தது. பிற்பாடு அது பெண்கள் பெட்டியாக மாறியது. பணத்தால் வாங்கும் வசதியாக இருந்த இடம் பொது உரிமையாக மாறிய அபூர்வ நிகழ்ச்சி என்று அதை நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். என் சந்தேகம் ரயிலின் மேல் இல்லை, அளவுகோலின் மேல். கிலோமீட்டரை எண்ணுகிறோம், நிமிடத்தை எண்ணுகிறோம். அந்தத் தடத்தில் யார் ஏறவில்லை என்பதை எண்ணுவதில்லை. 2025 பிப்ரவரியில் பெங்களூர் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்கு உயர்ந்தது. தண்டவாளத்தின் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. ஆனால் தினக்கூலிக்குப் போகும் ஒருத்திக்கு அன்று அந்த ரயில் இன்னும் தூரமாகப் போய்விட்டது.

*

எங்கள் கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். முன்பு கூவம் கரையில் குடிசை. அப்போது வேலைக்கு நடந்தே வந்துவிடுவாராம். கரையைச் சீர்படுத்தும்போது குடிசைகள் அகற்றப்பட்டன. அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. கதவு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, மழை ஒழுகுவதில்லை. இதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனால் காலை நாலு மணிக்கு எழுந்து, சமைத்து, தண்ணீர் பிடித்து, ஐந்தேகாலுக்கு நிறுத்தத்தில் நிற்கிறார். இரண்டு பேருந்து மாற வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி வந்தால் கட்டணம் இல்லை. அது வராமல் சொகுசு வண்டி வந்தால் யோசனை: இதில் காசு கொடுத்துப் போவதா, அடுத்ததற்கு நின்று தாமதமாகி அரைநாள் கூலியை இழப்பதா?

மாலையில் திரும்பும் வழி காலையில் வந்த வழி இல்லை. ரேஷன் கடை, மகளின் பள்ளி, மாமியாருக்கு அரசு மருத்துவமனை மாத்திரை, பிறகு வீடு. ஸ்பெயின் நாட்டு நகரத் திட்டவியலாளர் இனெஸ் சான்செஸ் தே மதாரியாகா இவ்வகைப் பயணங்களுக்குப் 'பராமரிப்புப் பயணம்' என்னும் பொருளில் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார். பிள்ளையை விடுவது, முதியவரைக் கூட்டிப்போவது, காய்கறி வாங்குவது என்று தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதால் புள்ளிவிவரத்தில் சிறியதாகத் தெரிகின்றன. ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால்தான் அவற்றின் அளவு தெரியும் என்பது அவர் வாதம்.

நம் கணக்கில் அவற்றைக் கூட்டவே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எவ்வளவு தூரம், எந்த வாகனம் என்று கேட்டார்கள். ஆனால் வேலைக்குப் போகும் பயணத்தைத்தான் கேட்டார்கள். அதிலும் விவசாய வேலையும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த பிற தொழிலாளரிடம்தான். ரேஷன் கடைக்குப் போன வழியை யாரும் கேட்கவில்லை. வீட்டையும் அலுவலகத்தையும் இணைக்கும் நேர்கோடுதான் பயணம் என்று முடிவு செய்துவிட்டால், தடமும் நேர்கோடாகத்தான் வரும். நான்கு இடத்தில் இறங்கி ஏறுகிறவள் நான்கு முறை காத்திருப்பாள், நான்கு முறை காசு கொடுப்பாள்.

பெரும்பாக்கத்துக்கு முன்னோடி, 2000-ஆம் ஆண்டையொட்டித் துரைப்பாக்கம் பக்கத்தில் எழுந்த மறுகுடியமர்வுப் பகுதி. அதன் பெயர் கண்ணகி நகர். தமிழ் படித்தவளுக்கு இந்தப் பெயரைத் தாண்டிப் போவது கடினம். சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களும் மூன்று நகரங்களின் பெயரில் இருக்கின்றன. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தே போனவள் கண்ணகி. வாழ்வு தேடிப் பெருநகரம் போய், அங்கே நியாயம் கேட்க வேண்டி வந்தவள். ஊரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களைக் குடிவைத்த இடத்துக்கு அவள் பெயரை வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருப்பார்களா தெரியாது. மெரினாவில் இருந்த கண்ணகி சிலையை 2001-இல் அகற்றினார்கள். தமிழகமே பேசியது. 2006-இல் சிலை பழைய இடத்துக்குத் திரும்பியது. கண்ணகி நகர்க்காரர்கள் திரும்பவில்லை.

*

பெங்களூரிலும் இதே கதைக்கு வேறு உருவம் உண்டு. கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். அதன் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள். சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-இல் முதலில் போனது அந்தச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905-இல். ஊருக்கு முன்பே வெளிச்சம் கண்ட இடம் அது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், ஆண்களும் பெண்களுமாக, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். மெட்ரோ நீளத்தை ஒப்பிடும் பட்டியல் எதிலும் இந்த ரயில் இல்லை. ஆனால் பெங்களூரைத் தினமும் காலையில் இயங்க வைப்பதில் அதற்கும் பங்குண்டு.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் ஓசூர் சாலையை 2016-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இரண்டின் வழியாக நினைவில் வைத்திருக்கிறேன். அந்த ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் வெளியே வந்து பொம்மனஹள்ளிப் பக்கம் அந்தச் சாலையில் அமர்ந்தார்கள். மென்பொருள் வளாகத்துக்குப் போகும் கார்கள் நின்றன. இரண்டாம் நாள் கல்வீச்சும் தடியடியும் கலந்தன. அன்றே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. தையல் எந்திரத்தின் முன் கழிப்பறைக்குக்கூட அனுமதி கேட்டு எழ வேண்டியிருந்தவர்கள், யாரிடமும் கேட்காமல் ஒரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் கன்னடம் பேசுவோர் உண்டு, தமிழ் பேசுவோர் உண்டு, தெலுங்கு பேசுவோர் உண்டு. எந்த ஊர்ப் பெண் என்று சாலை கேட்கவில்லை.

செப்டம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டிக் கலவரம். பெங்களூரில் ஒரே பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. தமிழ்நாட்டுப் பதிவெண் என்பதுதான் அவற்றின் குற்றம். தமிழ்நாட்டிலும் கன்னடர்களின் கடைகள் தாக்கப்பட்டன. இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றுவிட்டதால் அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே மக்கள் நடந்தார்கள். இடுப்பில் பிள்ளையும் தலையில் பையுமாகப் பெண்கள் நடந்தார்கள். ஏப்ரலில் பெண்கள் தங்கள் முடிவால் உட்கார்ந்த சாலையில், செப்டம்பரில் ஆண்கள் மூட்டிய சண்டையால் பெண்கள் நடக்க வேண்டி வந்தது. ஊர்ப் பெருமை முற்றினால் முதலில் எரிவது பேருந்து என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நானும் தங்கையும் அந்த மாதம் முழுக்க ஊர்ச் சண்டை போடவில்லை.

*

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பின்னர் திருநர்களும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-இல் 'சக்தி' திட்டம் வந்தது. டெல்லி இருவருக்கும் முன்பே, 2019-இல், தொடங்கியிருந்தது. கர்நாடகத்தின் திட்டம் பரப்பில் பெரியது: சொகுசு வண்டிகள் தவிர, மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போகலாம். 2025 ஜூலையில் அப்படிப் பயணங்கள் 500 கோடியைத் தொட்டன. தமிழ்நாட்டின் திட்டம் நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அது அட்டை கேட்பதில்லை. பீகாரிலிருந்து நேற்று வந்து இறங்கிய பெண்ணும் ஏறலாம். என் தங்கை சென்னை வந்தால் அவளும் ஏறுகிறாள். பெங்களூர்க்காரி என்று யாரும் அவளைத் தடுத்ததில்லை.

இரண்டு ஊர்களிலும் எழுந்த கேலி மட்டும் ஒன்றுபோலவே இருந்தது. இங்கே அதன் பெயர் 'ஓசி'. அமைச்சர் ஒருவரே மேடையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வயதான பெண்கள் சிலர் நடத்துநரிடம் காசை நீட்டி, டிக்கெட் கொடு என்று பிடிவாதம் பிடித்த காட்சியையும் பார்த்தோம். அங்கே வேறு மாதிரிப் பேசினார்கள். திட்டம் தொடங்கிய வாரங்களில் பெண்கள் கூட்டமாகத் தர்மஸ்தலத்துக்கும் மற்றக் கோயில்களுக்கும் போனபோது, "வீட்டு வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றுகிறார்கள்", "தேவையில்லாமல் போகிறார்கள்" என்றார்கள். வேலைக்குப் போகிறவளுக்குக் கொடுங்கள், சுற்றுகிறவளுக்கு எதற்கு என்றார்கள்.

'தேவையில்லாமல்' என்ற சொல்லை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். தேவையை யார் தீர்மானிப்பது? ஐம்பது வயதுவரை பக்கத்து மாவட்டம் பார்க்காத ஒரு பெண், பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஒருநாள் கோயிலுக்குப் போகிறாள். வழியில் சன்னலோரம் உட்கார்கிறாள். மலை பார்க்கிறாள். யாருக்கும் சமைக்காமல் ஒரு வேளை சாப்பிடுகிறாள். இது தேவையா இல்லையா என்பதை அவளைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? வார இறுதியில் மோட்டார் சைக்கிளில் நந்தி மலைக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ போகும் இளைஞனிடம் தேவையை யாரும் கேட்பதில்லை.

நம் இலக்கணமே இப்படித்தான் தொடங்கியது என்று வகுப்பில் சொல்வேன். பிரிதல் பாலைக்கு, இருத்தல் முல்லைக்கு. பொருளுக்காகவும் போருக்காகவும் தூதுக்காகவும் பிரிந்து போகிறவன் தலைவன். இருப்பவள் தலைவி. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெண் ஊரைத் தாண்டுவதற்கு இருந்த கௌரவமான வழி உடன்போக்கு, அதுவும் ஒருவன் பின்னால். சங்கப் பாடல்களை நான் உயிராக நேசிக்கிறேன். அதனாலேயே அவற்றில் தலைவி சும்மா ஓரிடத்துக்குப் போய் வந்ததாக ஒரு துறை இல்லையே என்று ஏங்குகிறேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: "எங்க வீட்லயும் அதே திணைதான் மேடம். எங்க போற, எதுக்குப் போற, எப்ப வருவன்னு மூணு கேள்விக்கும் பதில் சொன்னாத்தான் செருப்பையே போட முடியும்." வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

2011-இல் மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய நூல் ஒன்று, பெண்கள் ஏன் பொது இடத்தில் காரணமின்றித் திரியக் கூடாது என்று கேட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை எப்போதும் ஒரு வேலையோடு, ஒரு காரணத்தோடு மட்டுமே வெளியே அனுமதிக்கிறோம் என்பது அவர்கள் கண்டது. நம் இரண்டு ஊர்களும் இதற்குச் சான்று. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்கு வண்டியில் ஏறிய அழைப்பு மையப் பெண் ஒருவர், அந்த வண்டியை ஓட்டியவனால் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் பட்டப்பகலில் வேலைக்குப் போகும் வழியில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு பேருக்கும் 'காரணம்' இருந்தது, வேலைக்குத்தான் போனார்கள். காரணம் அவர்களைக் காக்கவில்லை. ஆனாலும் அதன்பின் ஊர் சொன்ன பாடம் என்ன? நிறுவன வண்டிகளில் காவலர் வந்தார், நிலையங்களில் கேமரா வந்தது, வீடுகளில் "ஏழு மணிக்குள் வந்துவிடு" என்ற கட்டளை வந்தது. இரவு பதினொரு மணிக்கு அடிக்கடி பேருந்து வேண்டும், நிறுத்தத்தில் விளக்கும் கடையும் ஆளும் வேண்டும் என்ற பாடத்தை யாரும் அவ்வளவு அவசரமாகக் கற்கவில்லை. ஆள் இல்லாத இடந்தான் பயம் தரும். சென்னைப் பறக்கும் ரயில் நிலையங்களின் பிரமாண்டமான வெற்றுக் கூடங்களில் மாலையில் தனியாக நடந்த எந்தப் பெண்ணும் இதைச் சொல்வாள். அவற்றைக் கட்டச் செலவழித்த காங்கிரீட்டில் குறைவில்லை.

*

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

முதலாவது, ஓசி வாதம். மேம்பாலத்தில் கார் ஓட்டுகிறவரும் காசு கொடுப்பதில்லை. சாலை வரி கட்டுகிறார் என்பார்கள். உப்புக்கும் புளிக்கும் அப்பால் நாம் வாங்கும் எத்தனையோ பொருள்களுக்கு வரி கட்டித்தான் பெண்களும் வாங்குகிறோம். கூலியில்லாமல் வீட்டில் நாம் பார்க்கும் வேலையின் மேல்தான் அடுத்தவரின் சம்பளமும் நிற்கிறது. பாலத்தில் போகிறவருக்குக் கொடுப்பது வளர்ச்சி, பேருந்தில் போகிறவளுக்குக் கொடுப்பது சலுகை என்றால், பிரச்சினை பணத்தில் இல்லை, யாருக்கு என்பதில்தான். தமிழ்நாட்டு மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது. எங்கள் கல்லூரி அம்மாவிடம் கேட்டேன். "பொண்ணுக்கு டியூஷன் சேத்துட்டேன்" என்றார். 

இரண்டாவது வாதம் கனமானது. 2023 செப்டம்பர் 11-இல் பெங்களூரில் ஆட்டோ, வாடகை வண்டி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெண்கள் பேருந்துக்கு மாறியதால் தங்கள் வருமானம் போனது என்பது அவர்கள் முறையீட்டில் ஒன்று. அது பொய்யில்லை. அவர்களும் கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள், அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு நியாயம் செய்யும்போது இன்னொருவர் தட்டில் குறைகிறது என்றால், அந்தக் குறையை ஈடுகட்டும் கடமையும் அரசுக்கு உண்டு. ஆனால் ஒருவர் பிழைப்புக்காக இன்னொருத்தி வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது.

மூன்றாவது வாதத்தை நானே வைக்கிறேன். இலவசம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் குறைத்தால் அது உரிமையாகாது. பெங்களூரில் நகரப் பேருந்துகள் ஆறாயிரத்துக்கும் மேல். சென்னையில் ஏறக்குறைய அதில் பாதிதான். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும் வண்டியின் பின்னால் ஓடும் பெண்ணுக்கு இலவசம் என்ன கொடுக்கிறது? சக்கர நாற்காலியில் இருப்பவள் ஏறத் தாழ்தளப் பேருந்து வேண்டும் என்பதற்கு நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இறங்கிய இடத்தில் நடைபாதை இல்லை, கழிப்பறை இல்லை. காலையில் கிளம்பினால் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிய பெண்கள் இரண்டு ஊர்களிலும் இருக்கிறார்கள். நானும் அப்படிப் பழகியவள்தான்.

*

ஆகவே எது பெரிய ஊர்? என் அளவுகோல் இது. கையில் காசில்லாத, அடையாள அட்டை இல்லாத, சொல்வதற்குக் காரணமும் இல்லாத ஒருத்தி இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, விரும்பிய இடத்துக்குப் போய், விரும்பிய நேரம் இருந்துவிட்டு, உடம்பும் மனமும் நோகாமல் திரும்பி வர முடிகிற ஊர்தான் பெரிய ஊர். இந்த அளவில் நானும் தங்கையும் சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டுமே இன்னும் சின்ன ஊர்கள்.

ஆனால் இந்த அளவில் ஒரு நல்ல போட்டி சாத்தியம். டெல்லியைப் பார்த்துச் சென்னை, சென்னையைப் பார்த்துப் பெங்களூர், பெங்களூரைப் பார்த்து அதே ஆண்டு டிசம்பரில் ஐதராபாத் என்று கட்டணமில்லாப் பயணம் ஊர் ஊராகத் தாவியதே, அதுவும் அண்டை ஊர்ப் பொறாமைதான். யாருடைய பேருந்தும் எரியவில்லை. சென்னை பெங்களூரிடமிருந்து தூரத்தையும் வண்டிகளின் எண்ணிக்கையையும் கற்கலாம். பெங்களூர் சென்னையிடமிருந்து கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள்வதைக் கற்கலாம். மாநில நிதி, மாநில மக்கள் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பெங்களூரில் தெரு கூட்டுகிறவளும் துணி தைக்கிறவளும் எத்தனை பேர் வேறு மாநிலத்து அட்டையோடு இருக்கிறார்கள் என்று நினைத்தால், அந்த ஊர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதும் புரிகிறது. உழைப்பை வாங்கும்போது கேட்காத அட்டையை, வண்டியில் ஏறும்போது கேட்பது நியாயமில்லை.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. "அப்ப ரெண்டு பேரும் சொல்லிக் குடுத்துக்கட்டும், சண்டை எதுக்கு?" என்றார்.

பெங்களூரிலிருந்து திரும்பியபின் அம்மா வாரம் ஒருமுறையாவது பிற்பகலில் வெள்ளைப் பலகை வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு அதே வண்டியில் திரும்புகிறார். முதல் தடவை நான் பதறிப்போய், "எங்கம்மா போன? எதுக்குப் போன?" என்று கேட்டுவிட்டேன். இவ்வளவும் எழுதுகிற நானும் அதையேதான் கேட்டிருக்கிறேன்.

"சும்மாதான்" என்றார் அம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.